இரவல் தாத்தா

தராசுக்காரருக்கு ஒரு தாத்தா தேவைப்பட்டார். அதுவும் அவசரமாக.

ஐம்பத்துமூன்று வருடங்களைத் தாத்தா இல்லாமலேயே ஓட்டிவிட்டவர் அவர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. பழுதான தராசுகளைச் சரிபார்த்து, முள்ளை நடுவில் நிறுத்தி, ஈய முத்திரை குத்திக் கொடுப்பார். தாத்தா இருந்தால்தான் முள் நடுவில் நிற்கும் என்று தராசுகள் எதுவும் அடம்பிடித்ததில்லை. ஆனால் போன மாதம் அவருடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எண்பத்தொரு வயது இடுப்பு. பார்க்க வந்த டாக்டர், போகும்போது வாசலில் நின்று, "ரெண்டு மாசம் தாங்கும். கேட்டதைக் குடுங்க" என்றார்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கப்பா ஓடிப்போனாரா, செத்துப்போனாரா? அதத் தெரிஞ்சுட்டு வந்து சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

அப்பாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்தது அது. அவருடைய இடது கால் ஷூ அடித்தோல் பிளந்து வாயைத் திறந்துகொண்டது. அவருடைய அப்பா படகுத்துறையில் கயிறு இழுக்கும் வேலை பார்த்தவர். ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள தச்சு வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். சாயங்காலம் வந்தது. அவர் வரவில்லை. எழுபத்தைந்து வருடமாக வரவில்லை.

ஓடிப்போய்விட்டான் என்று ஊர் முடிவு செய்தது. ஊருக்கு அது வசதியாக இருந்தது. 'ஓடிப்போனவன் மகன்' என்பதே அப்பாவின் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்திலும் சரி, வேலை பார்த்த இடத்திலும் சரி, குடும்பப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு இருந்த வாதமும் ஒன்றுதான்: "ஓடிப்போறவன் புள்ளையோட ஒத்த ஷூவையா தூக்கிட்டு ஓடுவான்?" அந்த வாதத்துக்குச் சாட்சியாக வலது கால் ஷூ தகரப் பெட்டிக்குள் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தது.

ஆக, தராசுக்காரர் வம்சாவளிப் பதிவகத்துக்குப் போனார்.

ஊரிலேயே பெரிய கட்டடம் அதுதான். மருத்துவமனையைவிடப் பெரியது. உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள் தொகை அதிகமல்லவா, அதனால் நியாயம்தான். கூடத்துச் சுவரில் ஒரு பெரிய மரம் வரைந்திருந்தார்கள். வேர்கள் கூரையில் இருந்தன, கிளைகள் தரையைப் பார்த்துத் தொங்கின. முன்னோர்கள் மேலேதான் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு இயக்குநர் உத்தரவு போட்ட நாளிலிருந்து மரம் தலைகீழாக நிற்கிறதாம்.

காலை எட்டு மணிக்கே போய் அறுபத்தொன்றாம் டோக்கன் வாங்கினார். மதியத்துக்குள் இருநூறைத் தாண்டிய எண்கள்கூட உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிட்டன. வாசல் காவலாளியிடம் கேட்டார்.

"டோக்கன் உங்களுக்கில்ல சார், உங்க முன்னோருக்கு. அவங்கள்ல யாரு மூத்தவரோ அவருக்குத்தான் முதல் மரியாதை. உங்களுக்கு யாரு வேணும்?"

"தாத்தா."

"வெறும் தாத்தாவா?" காவலாளியின் முகத்தில் இரக்கம் வந்தது. "அதோ, தூணோரமா உக்காந்திருக்காரே, அவருக்கும் தாத்தாதான். ஒம்பது நாளா வர்றாரு, பாவம்."

அப்போதுதான் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒருவர் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய பாட்டன் ஒருவரைத் தேடிக்கொண்டு வந்தார். காவலாளி எழுந்து வணக்கம் வைத்து அவரை நேரே உள்ளே அனுப்பினார்.

காத்திருப்பதுகூடப் பரவாயில்லை. உட்கார்ந்து காத்திருக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல். கோப்பறையிலிருந்து ஒரு கோப்பு வெளியே வரும்போதெல்லாம் மணி அடிக்கும். உடனே கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து, செத்தவருக்கு மரியாதையாக ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். அதிகாரிகளும் நிற்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பார்கள், உட்கார்ந்ததும் மறுபாதியை யோசிப்பார்கள், அதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். அன்று தராசுக்காரர் நாற்பத்தொரு தடவை எழுந்தார்.

மௌனம் அவருக்குப் புதிதல்ல. தராசு வேலையில் பாதி மௌனம்தான். முள் ஆடி ஓயும்வரை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மௌனத்தின் முடிவில் ஒரு எடை தெரியவரும். இங்கே மௌனத்தின் முடிவில் இன்னொரு மணி அடித்தது.

நான்காம் நாள், பெரிய பாட்டன்கள் தேவைப்பட்டவர்கள் குறைந்துபோன ஒரு மதியத்தில், மூன்றாம் ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. மேஜையில் சங்கிலியால் கட்டிப்போட்ட ரப்பர் முத்திரை.

"பேரு, ஊரு, என்னென்ன வழக்கு?" என்றார் ஜன்னலம்மா.

"வழக்கா? அப்படி ஒண்ணும் இல்லம்மா. படகுத்துறையில கயிறு இழுக்கிற வேலை."

"அடிதடி? திருட்டு? முதல் கல்யாணத்த மறைச்சு ரெண்டாவது கல்யாணம்?"

"இல்லம்மா. நல்ல மனுஷன்னுதான் சொல்லுவாங்க."

ஜன்னலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுதான் சார் உங்ககிட்ட எல்லாம் பிரச்சனை. நல்ல மனுஷங்க பேர்ல ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஒரே ஒரு தடவ ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருந்தாருன்னா உயரம், எடை, மச்சம், அப்பா அம்மா பேரு எல்லாம் பக்காவா இருக்கும். நாளைக்கு ஒரு பேரன் வந்து ஜன்னல்ல நிப்பானேங்கிற அக்கறை கொஞ்சமாவது இருந்துச்சா அவருக்கு?"

தராசுக்காரர் தாத்தாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவர் போன தேதி தெரியும்மா. கையில ஒரு சின்னப் புள்ள ஷூ வச்சிருந்தாரு. அந்தத் தேதியில எங்கயாவது யாராவது..." என்று இழுத்தார்.

"தேதிய வச்சுத் தேட மாட்டோம் சார். பேர வச்சுத்தான் தேடுவோம். தேதி எல்லாருக்கும் பொது, பேருதான் சொந்தம். சுற்றறிக்கையே இருக்கு. விண்ணப்பத்தக் குடுங்க. தேடி முடிக்க எட்டு வருஷம் ஆகும்."

"எட்டு வருஷமா? அப்பாவுக்கு ரெண்டு மாசம்தாம்மா."

"அதுவரைக்கும் உங்கள அப்படியே அந்தரத்துல விட்டுடுவோமா?" என்றார் ஜன்னலம்மா, முதல் தடவையாகக் கனிவோடு. "ஒரு குடும்பத்துல தாத்தா கட்டம் காலியா இருக்கக் கூடாது. இடைக்காலத்துக்கு ஒருத்தரத் தருவோம்."

பதிவகத்தின் பெருமைக்குரிய திட்டம் அது. கோப்பு இருந்தும் சந்ததி இல்லாமல், கேட்பாரற்றுக் கிடக்கும் முன்னோர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சந்ததி இருந்தும் கோப்பு இல்லாமல், தராசுக்காரரைப் போல் அலைபவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் காலிக் கட்டமே இருக்காதல்லவா? தாத்தா இரவல். கூடவே அவருடைய குடும்பப் பெயரும் இரவல். அசல் தாத்தா கிடைக்கும்வரை வீட்டிலுள்ள எல்லோரும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும், செத்தால் சான்றிதழிலும் அதுதான் ஏறும். இரவல் தாத்தாவை மதிக்காமல் விட்டால் தேடல் விண்ணப்பம் ரத்து.

தராசுக்காரருக்குக் கிடைத்தவர் ஒரு கப்பல் சமையல்காரர். கோப்பு செங்கல் கனம். பதினொரு வழக்குகள், இரண்டு கத்திக்குத்து, ஒன்று தீவைப்பு, மீதி சில்லறை. "அருமையான ஆளு சார், ஒரு கட்டம்கூட விட்டுப்போகல" என்று ஜன்னலம்மா கோப்பைத் தடவிக்கொடுத்து முத்திரையை அழுத்தினார்.

பழைய குடும்பப் பெயர் நான்கெழுத்து. புதியது பதினோரெழுத்து. கடைப் பலகையில் எழுத வந்தவர் எட்டாம் எழுத்திலேயே பலகையின் விளிம்புக்கு வந்துவிட்டதால், கடைசி மூன்று எழுத்துகள் பக்கத்துக் குடைக்கடையின் மீது ஏறின.

"இனிமே என் கடைக்கும் உங்க தாத்தாதானா?" என்றார் குடைக்காரர்.

பதிவகம் சுவரில் மாட்டச் சொல்லிக் கொடுத்த படத்தை மனைவி பார்த்தாள். சிறையில் எடுத்த படம். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நெஞ்சில் எண் பலகை. "போனது தாத்தாவக் கேக்க. வந்தது கத்திக்குத்து ஆளு. கடைக்குப் போனா அழுகின தக்காளி எது இருக்கோ அதப் பொறுக்கிட்டு வர்ற ஆளுதானே நீங்க" என்று சொல்லிவிட்டு ஆணியைத் தேடப் போனாள்.

மூன்றாம் வாரம் உறவு ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் படிவம். குடும்பத்தினர் இரவல் முன்னோர்மீது வைத்திருக்கும் பாசத்தைப் பத்துக்கு மதிப்பிடுவது அவர் வேலை. நான்குக்குக் கீழே போனால் எல்லாம் ரத்து. முதலில் தராசுக்காரரின் மூக்கை அளந்தார். பிறகு படத்திலிருந்த மூக்கை அளந்து, அளவு விகிதத்தால் பெருக்கினார். "அச்சு அசல்" என்றார். பிறகு கட்டிலருகே போனார்.

"ஐயா, உங்கப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"எந்த அப்பா?" என்றார் அப்பா.

"அதோ, சுவத்துல இருக்காரே."

அப்பா தலையைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "இந்த ஆளா என் ஷூவத் தைக்க எடுத்துட்டுப் போனான்?"

ஆய்வாளர் ஏதோ எழுதினார். மனைவி முந்திக்கொண்டாள். "அவருக்கு ஞாபகம் அப்படி இப்படி சார். நாங்கள்லாம் சாப்பிட உக்காந்தா தாத்தா பேச்சுதான். என்னமா தீ வச்சாரு, என்ன சுறுசுறுப்புன்னு."

நான்கு கிடைத்தது. "பாசம் இருக்கு. ஆனா பொங்கி வரல" என்றார் ஆய்வாளர். "ஆண்டு விழாவுக்கு வாங்க. அஞ்சுக்குக் கீழ வாங்கினவங்க கண்டிப்பா வரணும். ஒம்பதரை வாங்கின குடும்பம் ஒண்ணு இருக்கு, பாத்துக் கத்துக்கோங்க."

அப்பா அதற்குள் பாதியாக வற்றியிருந்தார். தராசுக்காரர் தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து கட்டிலோரம் உட்காருவார். அப்பா வாய் திறந்து கேட்கமாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். இவர் தலையை அசைப்பார். அவ்வளவுதான் பேச்சு. பதிவகத்தில் நிற்கும் மௌனங்களை எல்லாம் சேர்த்துக் கட்டினாலும் இதற்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றும்.

ஆண்டு விழா பதிவகக் கூடத்திலேயே நடந்தது. இயக்குநர் தலைகீழ் மரத்தின் கீழே நின்று பேசினார்.

"நண்பர்களே, எழுபது வருஷத்துல நம்ம பதிவகத்துல ஒரு கோப்புகூடத் தொலைஞ்சதில்ல. ஏன்? நாம யாருக்கும் திருப்பிக் குடுத்ததில்ல." கைதட்டல். "சில பேரு கேக்கறாங்க, 'எத்தன பேரக் கண்டுபிடிச்சீங்க?'ன்னு. பணிவோட சொல்றேன், கண்டுபிடிக்கறது சுலபம். ஆனா கண்டுபிடிச்சா என்ன ஆகும்? ஒரு குடும்பத்துக்கு அதோட சொந்தத் தாத்தா கிடைச்சிட்டா, அதுக்கப்புறம் அவங்க நம்ம பக்கம் தலைவச்சுப் படுப்பாங்களா? இரவல் தாத்தா அப்படியில்ல. வருஷாவருஷம் வருவாங்க, புதுப்பிப்பாங்க. நம்ம நோக்கம் உறவத் தொடரவைக்கறது, முடிச்சுவைக்கறது இல்ல. உயிரோட இருக்கறவங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. அவங்களும் ஒரு நாள் நம்மகிட்ட கோப்பா வந்து சேரும்போது, அந்த அவசரமெல்லாம் தானா அடங்கிடும். அதுவரைக்கும் நாம பொறுமையா..."

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஒரு நிமிடம் கழித்து, எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல், இயக்குநர் ஆரம்பத்திலிருந்து மறுபடி பேசினார். அதே இடத்தில் அதே கைதட்டல் விழுந்தது.

பிறகு ஒன்பதரை வாங்கிய குடும்பத்தை மேடைக்கு அழைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா ஒருவர் வந்தார். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது, துடைக்க மறந்திருப்பார். அவருக்குக் கிடைத்திருந்தவர் 'உரிமை கோரப்படாத மூதாதை, எண் 212'. பெயர் தெரியாமல் செத்துப்போனவர்களுக்குப் பதிவகம் எண்தான் போடும், குடும்பப் பெயரை ஒரு பட்டியலிலிருந்து எடுத்துச் சூட்டும்.

ரொட்டிக்காரம்மாவுக்கு மேடைப்பேச்சு வரவில்லை. கடையில் பேசுவதைப் போலவே பேசினார்.

"எங்க தாத்தா பேரு எங்களுக்குத் தெரியாதுங்க. பக்கத்து ஊருப் பாலத்துக்கிட்ட வண்டி மோதி அங்கேயே போயிட்டாருன்னு கோப்புல இருக்கு. சாயங்காலம் நாலு மணி. யாரும் தேடி வரல. கையில இது இருந்துச்சு."

ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு சின்னப் பிள்ளையின் ஷூ. இடது கால்.

"அன்னைக்குத்தான் புது அடித்தோல் போட்டிருக்காங்க. ஒரு அடிகூட நடக்கல, மண்ணே படல பாருங்க. அந்தப் புள்ள எவ்வளவு நேரம் வாசல்ல நின்னுச்சோன்னு மாவு பிசையும்போதெல்லாம் நினைப்பேன்."

தராசுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அவர் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். மணி தன் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து முன்வரிசை எழுந்தது. இயக்குநர் எழுந்தார். கூடம் முழுவதும் எழுந்து தலைகுனிந்து நின்றது. அந்தப் பதிவகத்தில் உரிய ஆளுக்கு உரிய நேரத்தில் மரியாதை கிடைத்தது அந்த ஒரு தடவைதான். அது தவறுதலாக நடந்தது.

மறுநாள் காலை அவர் மூன்றாம் ஜன்னலில் இருந்தார்.

"212 எங்க தாத்தாம்மா. அந்த ஷூவோட வலது எங்க வீட்ல இருக்கு."

ஜன்னலம்மா கோப்பை எடுக்கச் சொன்னார். மணி அடித்தது, நின்றார்கள், உட்கார்ந்தார்கள். "சான்றுப் பட்டியல்ல இடது மட்டும்தான் சார் இருக்கு. வலதப் பத்தி ஒரு வரிகூட இல்ல."

"ரெண்டும் ஒரே ஜோடிம்மா. வச்சுப் பாத்தா தெரியும்."

"வச்சுப் பாக்கறதுக்குன்னு ஒரு பிரிவு இல்லையே. தவிர, உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு தாத்தா குடுத்தாச்சே. ஒரு ஆளுக்கு ஒரு தாத்தாதான்."

"எல்லாருக்கும் ரெண்டு தாத்தா உண்டேம்மா!"

"அம்மா வழி வேற கட்டடம்" என்றார் ஜன்னலம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "திருப்பிக் கேக்கறதுக்கு ஒரு படிவம் இருக்கு. மூணு பேரு சம்மதம் வேணும். இப்ப வச்சிருக்கற குடும்பம், இயக்குநர், சம்பந்தப்பட்ட மூதாதை."

"மூதாதையா? அவரு செத்துட்டாரே!"

"அதனாலதான் சார் இதுவரைக்கும் யாரும் திருப்பி வாங்கினதில்ல."

தராசுக்காரர் கத்திவிடத்தான் நினைத்தார். தொண்டைவரை வந்தது. மணி அடித்தது. எழுந்து நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் கத்தலும் அடங்கிப்போயிற்று. அந்த மணியை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்குப் போனார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாவு நிறுக்கும் தராசு கண்ணில் பட்டது, முள் ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பையைத் திறந்து அதைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். ரொட்டிக்காரம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. மேஜை ஓரத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். முள் நடுவுக்கு வந்து நின்றது. அதன் பிறகுதான் இவருக்கு வாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னார்.

ரொட்டிக்காரம்மா துடைப்பதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். உள்ளே அடுப்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ள இருக்குதா?" என்றார் கடைசியில்.

"இருக்காரு. எண்பத்தொண்ணு. இன்னும் ஒரு வாரம் இருந்தா அதிகம்."

ரொட்டிக்காரம்மா நாற்காலியில் ஏறிச் சுவரிலிருந்த கண்ணாடிப் பெட்டியை இறக்கினார். "எங்க வீட்டுப் புள்ளைங்க இவருக்குச் சொல்லிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகும்" என்றார். பூட்டை ரொட்டி வெட்டும் கத்தியால் நெம்பினார். "ஆய்வாளரு வியாழக்கிழமைதான் வருவாரு. எடுத்துட்டுப் போங்கண்ணே."

அப்பா விழித்திருந்தார். புருவத்தைத் தூக்கினார். தராசுக்காரர் தலையை அசைக்கவில்லை. ஷூவை அவர் நெஞ்சின்மீது வைத்தார்.

அப்பா அதைத் தொட்டார். தொட்டுக்கொண்டே இருந்தார். மருமகள் யாரும் சொல்லாமலே தகரப் பெட்டியைத் திறந்து வலது ஷூவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எங்க கிடைச்சுது?"

"பக்கத்து ஊருப் பாலத்துக்கிட்டப்பா. வண்டி மோதிடுச்சு. அன்னைக்கே, நாலு மணிக்கே."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார். எழுபத்தைந்து வருடமாக அவருக்குள் உட்கார்ந்திருந்த ஊர், கடைசியாக ஒரு கேள்வி கேட்டது.

"போற வழியிலயா, வர்ற வழியிலயா?"

தராசுக்காரர் கடைப் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து அப்பா பார்க்கும்படி ஸ்டூலில் வைத்தார். ஒரு தட்டில் இடது, ஒரு தட்டில் வலது. இடது பக்கம் இறங்கியது. வலது பக்கத் தட்டில் ஒவ்வொரு எடைக்கல்லாகச் சேர்த்தார். மூன்று பேரும் முள் ஓயக் காத்திருந்தார்கள்.

"பதினெட்டு கிராம் கூட இருக்குப்பா. புது அடித்தோலோட எடை. தச்சு வாங்கிட்டாரு."

அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ற வழியில" என்றார்.

"வர்ற வழியிலதாம்பா."

புதன்கிழமை காலையில் அவர் போய்விட்டார். இரண்டு ஷூக்களையும் காலோரமாகச் சவப்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தராசுக்காரர் ரொட்டிக்கடைக்குப் போனபோது, ரொட்டிக்காரம்மா ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேர வேண்டியது சேர்ந்துடுச்சு. நாளைக்கு வியாழன், இப்ப எனக்கு ஒரு ஷூ வேணும்" என்றார். ஷூக்கடையில் ஒற்றை ஷூ தரமாட்டோம் என்றார்கள். புது ஜோடி ஒன்றை வாங்கி, இடதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டை நிமிர்த்தினார்கள். மறுநாள் ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, 'சான்றுப் பொருள் முன்பைவிடச் சிறந்த நிலையில் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதி மதிப்பெண்ணை ஒன்பதே முக்காலாக்கினார்.

ஒரு மாதம் கழித்துப் பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது.

கப்பல் சமையல்காரரின் உண்மையான வாரிசுகள் எங்கிருந்தோ முளைத்து வழக்குப் போட்டு அவரை மீட்டுக்கொண்டுவிட்டார்களாம். குடும்பம் முழுக்க வழக்குப் போடுவதில் தேர்ந்தவர்கள் போலிருக்கிறது. அதனால் அவருடைய பெயரைத் தராசுக்காரர் உடனே விட்டுவிட வேண்டும். ஆனால் அப்பா செத்தது அந்தப் பெயரில். சான்றிதழை மாற்ற விதி இல்லை. எனவே பதினோரெழுத்துப் பெயரோடு செத்த அந்த முதியவருக்கு இப்போது மேலே தகப்பனும் இல்லை, கீழே மகனும் இல்லை. அவர் 'உரிமை கோரப்படாத மூதாதை, எண் 640' ஆகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கம் ஆறுதலாக இருந்தது. தராசுக்காரர் குடும்பத்தில் இப்போது மேலே உள்ள கட்டம் காலி. காலியாக இருக்கக் கூடாது. எனவே கையிருப்பில் உள்ளவர்களில் எண் 640 அவருக்கு இடைக்காலமாக ஒதுக்கப்படுகிறார். ஆய்வாளர் வருவார்.

வந்தார். கட்டிலருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க. இந்த ஊர்லயே இருந்தவராம், பக்கத்துலயே கிடைச்சிருக்காரு."

சமையல்காரர் இருந்த ஆணியில் இப்போது அப்பாவின் படம் தொங்கியது. கட்டில் காலியாக இருந்தது.

"இவரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

தராசுக்காரர் வாயைத் திறந்தார். அப்பா தினமும் தூக்கிய புருவம் நினைவுக்கு வந்தது. பதினெட்டு கிராம் நினைவுக்கு வந்தது. எதை முதலில் சொல்வது? வாயை மூடிக்கொண்டார். மனைவி ஏதோ சொல்லப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வீட்டில் மணி எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தில் நான்கு போட்டார்.

"வருத்தப்படாதீங்க சார். புது ஆளுன்னா முதல்ல இப்படித்தான் இருக்கும், வார்த்தையே வராது. பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். எழுந்து, கழுத்திலிருந்த நாடாவை எடுத்துத் தராசுக்காரரின் மூக்கை அளந்தார். படத்திலிருந்த மூக்கை அளந்தார். பெருக்கினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தார்.

"சமையல்காரர் அளவுக்கு வராது சார்" என்றார். "மூக்குதான் கொஞ்சம் உதைக்குது."